தக்காளியும் தனிமனிதர் நாவும்

கத்தரிக்காய்க் குழம்பு ஒரு வீட்டில் வாய்த்ததுபோல மற்றொரு வீட்டில் வாய்ப்பதில்லை. ஒருவர் பிஞ்சுக் காயை விரும்புவார். இன்னொருவர் சற்று முற்றிய காயே குழம்புக்கு ஏற்றது என்பார். தக்காளிப் பழத்திலே புளிப்பை நாடுவோரும் உளர்; இனிப்பை நாடுவோரும் உளர். இத்தகைய விருப்பு வெறுப்புக்களை நாம் வரலாற்றுக்குரிய பொருளாகக் கொள்வதில்லை. அரசர் செய்த போர்களும் அவர் கட்டிய குளங்களும் வரலாற்று நூலில் இடம்பெறுகின்றன. அடுக்களையிலிருந்து ஒருவர், "இது நன்று, இதன் விதையை எடுத்து வையுங்கள்" என்று கூறுவது எந்த நூலிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும், நாம் உண்ணும் காய்கறிகளுட் பல, இன்றுள்ள பருமனையும் நிறத்தையும் சுவையையும் பெற்றமைக்கு இவ்வாறு கூறிய தனிமனிதரே காரணராவர். நேயர்களே, இவ்வுண்மையைத் தக்காளியின் கதையைக் கொண்டு விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

தக்காளியின் ஆதியிடம் தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியாகும். பெரு, எக்குவடோர் ஆகிய நாடுகளில் அதன் காட்டினங்கள் இன்றும் வளர்கின்றன. அவற்றுள் ஒன்றின் பழம் ஒரு பெரிய கடலையளவே இருக்கும். இவ்வினம் வடக்கே சென்று, மெக்சிக்கோ நாட்டு மக்களின் தோட்டங்களிலே பருத்த பழந்தரும் பயிராயிற்று. எந்தக் குடியானவன் எந்த ஆண்டிலே பெரிய பழத்தின் விதையைத் தெரிந்தெடுத்தான் என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது. கடலையளவான பழம் கைநிறையும் பழமாயிற்றே, அதுவே சான்று. பல தலைமுறைகளாகப் பல கைகள் ஒன்றை விலக்கி ஒன்றைக் கொண்டாலன்றி இம்மாற்றம் நிகழ்ந்திராது.

ஸ்பானியர் 1521 ஆம் ஆண்டிலே அஸ்தெக்கு மக்களின் தலைநகரைக் கைப்பற்றினர். பின்னர் அம்மக்களின் வாழ்க்கை முறைகளை அவர்தம் மொழியிலேயே கேட்டு எழுதுவித்த பேர்னார்டினோ டி சகாகூன் என்னும் பாதிரியார், சந்தையிலே தக்காளி விற்போரையும் மறந்தாரல்லர். பெரியவை, சிறியவை, இனியவை, மஞ்சள் நிறத்தன, செந்நிறத்தன, வைகறை வானின் நிறத்தன என அவர் தரும் பட்டியல் நீள்கின்றது. நல்ல வியாபாரி இவற்றை விற்பான் என்றும், தீய வியாபாரி அழுகியதையும் தொண்டையைக் கரிக்கும் பழத்தையும் தலையிலே கட்டுவான் என்றும் அங்கே கூறப்படுகின்றது. ஐரோப்பியர் இப்பழத்தை நாவில் வைப்பதற்கு முன்னரே, இதன் தராதரம் பற்றி நுணுக்கமான மதிப்பீடு அம்மக்களிடையே நிலைபெற்றிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

தக்காளியை ஐரோப்பியர் ஏற்றுக்கொண்ட முறை நாட்டுக்கு நாடு வேறுபட்டது. இத்தாலியிலே மத்தியோலி என்னும் மருத்துவர் 1544 ஆம் ஆண்டில் இதனைக் குறிப்பிட்டார். 1554 ஆம் ஆண்டுப் பதிப்பிலே இதற்குப் 'பொன் ஆப்பிள்' என்று பொருள்படும் பெயரையும் தந்தார். அப்பெயரே இன்றும் இத்தாலியரிடையே வழங்குகின்றது. இங்கிலாந்திலோ நிலைமை வேறாக இருந்தது. 1597 ஆம் ஆண்டிலே மூலிகை நூலொன்றை வெளியிட்ட ஜோன் ஜெராட் என்பார், தமது தோட்டத்திலேயே தக்காளியை வளர்த்தவர். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் மக்கள் அதனை எண்ணெயும் உப்பும் மிளகும் சேர்த்து உண்கின்றனர் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆயினும் அதன் நாற்றம் அவருக்கு ஒவ்வவில்லை. அது உடலுக்கு ஊட்டம் தராத, கெட்ட மணமுள்ள பொருள் என்று எழுதிவைத்தார். ஒருவரின் மூக்குக்குப் பிடிக்காதது அச்சேறியதும் பலருக்கு அறிவியல் முடிபாகிவிட்டது. அதன்பின் நெடுங்காலம் ஆங்கிலேயர் தக்காளியை அழகுக்காகவே வளர்த்தனர். அதே காலத்தில் நேப்பிள்ஸ் நகரில் வாழ்ந்த அந்தோனியோ லத்தீனி என்பார், 1690களில் வெளியிட்ட சமையல் நூலிலே, தக்காளியைச் சுட்டுத் தோலுரித்து, வெங்காயமும் மிளகாயும் உப்பும் எண்ணெயும் வினாகிரியும் கூட்டிச் செய்யும் ஒருவகைச் சம்பலை விவரிக்கின்றார். ஒரே பழம் ஓரிடத்திலே பூஞ்சாடிக்கும் மற்றோரிடத்திலே உணவு மேசைக்கும் உரியதாயிற்று.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தக்காளி நஞ்சென்று அஞ்சப்பட்டதைப் பற்றி ஒரு கதை பெரிதும் வழங்கிவந்தது. 1820 ஆம் ஆண்டிலே நியூ ஜேர்சி மாநிலத்துச் சேலம் என்னும் ஊரிலே, றொபேட் கிப்பன் ஜோன்சன் என்பவர் நீதிமன்றப் படிக்கட்டில் நின்று, கூடியிருந்த மக்கள் திகைக்கத் தக்காளியைத் தின்று காட்டினார் என்பது அக்கதை. 1949 ஆம் ஆண்டிலே அது அமெரிக்க வானொலியில் நாடகமாகவும் ஒலிபரப்பாயிற்று. ஜோன்சன் உண்மையில் வாழ்ந்தவரே. ஆனால் அவர் காலத்து ஆவணம் எதிலும் இந்நிகழ்ச்சி காணப்படவில்லை. பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே இக்கதை வளர்ந்தது. வானொலியிற் கேட்டோம் என்பதனாலேயே ஒன்று வரலாறாகிவிடாது என்பதை, வானொலியிலே பேசும் யான் சொல்லுதல் பொருத்தமேயாகும்.

உண்மையில் அச்சம் படிக்கட்டொன்றிலே ஒரே நாளில் நீங்கவில்லை. வீட்டுத் தோட்டங்களிலே சிறிது சிறிதாக நீங்கிற்று. குடியரசுத் தலைவராயிருந்து ஓய்வுபெற்ற தோமஸ் ஜெபர்சன், மொன்ரிசெலோ என்னும் தம் பண்ணையிலே ஆயிரம் அடி நீளமான காய்கறித் தோட்டம் அமைத்தார். விதைத்த நாளையும் முளைத்த நாளையும் மேசைக்கு வந்த நாளையும் குறிப்பேட்டிலே பதிந்தார். 1809 ஆம் ஆண்டு தொடக்கம் தக்காளியும் அக்குறிப்பேட்டில் இடம்பெறுகின்றது. அவருக்கு மிகவும் விருப்பமானது பச்சைப் பட்டாணி. வசந்த காலத்திலே முதற் பட்டாணியை யார் மேசைக்குக் கொண்டுவருவது என்று அயலவரிடையே போட்டி நிகழும். வென்றவர் ஏனையோருக்கு விருந்தளிப்பார். அத்தோட்டத்திலே மண்ணைக் கொத்தியவர்கள் அடிமைகளாக வைத்திருக்கப்பட்ட ஆபிரிக்க மக்களே என்பதையும் வரலாற்று மாணவர் மறத்தல் தகாது. குறிப்பேடு ஜெபர்சனுடையது, உழைப்பு அவர்களுடையது.

இன்றைய தக்காளிக்கு வடிவு கொடுத்தவருள் முதலிடம் பெறத்தக்கவர் ஓகையோ மாநிலத்து றெனோல்ட்ஸ்பேர்க் ஊரினரான அலெக்சாந்தர் லிவிங்ஸ்ரன் ஆவர். அவர் சிறுவனாயிருந்தபோது காட்டுப்புறத்திலே தக்காளியைப் பறித்துத் தாயிடம் காட்ட, பன்றிகூடத் தின்னாத இதனை உண்ணாதே, இது நஞ்சு என்று தாயார் தடுத்தாராம். வளர்ந்தபின் அவர் விதைத் தொழிலில் ஈடுபட்டார். அக்காலத்துத் தக்காளி பெரும்பாலும் வரிவரியாக மடிந்து, உள்ளே வெறுமையும் புளிப்பும் மிகுந்திருந்தது. நல்ல பழத்தைப் பொறுக்கி அதன் விதையை ஊன்றினார். அடுத்த தலைமுறையிலே பழைய கோணற் பழங்களே மீண்டும் தோன்றின. பல்லாண்டுகள் இவ்வாறு வீணாயின. பின்னர் முறையை மாற்றினார். தனிப் பழத்தை நோக்காது, எல்லாப் பழங்களும் ஒரேவிதமாகத் திரண்டிருக்கும் செடியைத் தேடி, அச்செடியின் விதையைப் பிரித்து வளர்த்தார். இவ்வாறு 1870 ஆம் ஆண்டிலே 'பரகன்' என்ற இனம் வெளிவந்தது. மழமழப்பும் சதைப்பற்றும் உள்ள தக்காளி நாடெங்கும் பரவலாயிற்று.

தக்காளி காயா, பழமா என்ற வழக்கும் இக்காலத்திலேயே எழுந்தது. 1883 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அமெரிக்காவிலே இறக்குமதியாகும் காய்கறிக்கு நூற்றுக்குப் பத்து வீதம் தீர்வை உண்டு; பழத்துக்கு இல்லை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தக்காளியை இறக்கிய நிக்ஸ் என்னும் வியாபாரி, தாவர நூலின்படி இது பழமே என்று வாதாடினார். 1893 ஆம் ஆண்டிலே அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாவர நூலார் பழமென்பது உண்மையே. ஆயினும் மக்கள் அதனைச் சூப்போடும் மீனோடும் இறைச்சியோடும் உண்கின்றனர். உணவு முடிந்தபின் இனிப்பாக உண்பதில்லை. ஆதலாற் சட்டத்தின் பார்வையில் அது காய்கறியே என்பது அத்தீர்ப்பின் சாரம். கற்றோரின் வகுப்பு முறையைவிட வீட்டு மேசையின் வழக்கத்தையே நீதிபதிகள் பெரிதாகக் கொண்டனர்.

வேறொரு பயிரிலும் இதே கதையைக் காணலாம். அமெரிக்கர் ஒருகாலத்திலே வெண்ணிறச் சோளமே மனிதருக்கு உரியது என்றும் மஞ்சட் சோளம் குதிரைக்கும் கோழிக்கும் உரியது என்றும் எண்ணியிருந்தனர். மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கிறீன்பீல்ட் ஊரிலே வில்லியம் சேம்பர்ஸ் என்பார், சிறிய மஞ்சட் கதிருடைய இனிப்புச் சோளமொன்றைத் தம் வீட்டுத் தேவைக்கென வளர்த்துவந்தார். அவர் மறைந்தபின் எஞ்சிய சிறிதளவு விதை பேர்ப்பி என்ற விதை நிறுவனத்தாரின் கைக்கு எட்டிற்று. 'கோல்டன் பன்ரம்' என்ற பெயரோடு 1902 ஆம் ஆண்டிலே அது விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளிலே நாட்டின் சுவையே மாறிற்று. அவ்விதையைக் கோழிக்கு இறைத்திருந்தால் அச்சுவையும் அவரோடு மறைந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே, அமெரிக்காவில் ஏறக்குறைய இரண்டு கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன என்றும், அந்நாட்டு மக்கள் உண்ட புதிய காய்கறியில் நூற்றுக்கு நாற்பது பங்களவு அவற்றிலிருந்தே கிடைத்தது என்றும் மதிப்பிட்டுள்ளனர். போர் முடிந்ததும் அவற்றுட் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. காய்கறி நெடுந்தொலைவிலிருந்து வரத் தொடங்கிற்று. தோட்டக்காரனுக்கும் உண்பவனுக்கும் இடையே பல நூறு மைல் ஏற்பட்டபோது, தக்காளியைத் தெரிந்தெடுக்கும் நடுவரும் மாறிவிட்டார். நாவின் இடத்திலே பெட்டியும் பாரவண்டியும் இயந்திரமும் அமர்ந்தன.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலே, ஜக் ஹன்னா என்ற பயிர் அறிஞரும் கோபி லொரன்சன் என்ற பொறியியலாளரும் ஒருங்கு முயன்றனர். ஒருவர் இயந்திரத்துக்கு ஏற்ற தக்காளியை உண்டாக்கினார். மற்றவர் தக்காளிக்கு ஏற்ற இயந்திரத்தை உண்டாக்கினார். பழங்கள் யாவும் ஒருசேரப் பழுக்கவேண்டும், தோல் தடித்திருக்கவேண்டும், விழுந்தாலும் உடையலாகாது. மெக்சிக்கோவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை வரவழைக்கும் ஏற்பாடு 1964 ஆம் ஆண்டோடு முடிவுற்றதும், தகரத்தில் அடைப்பதற்கான தக்காளியை அம்மாநிலத்தார் சில ஆண்டுகளிலேயே இயந்திரத்தால் அறுக்கலாயினர். பச்சையாக உண்ணும் தக்காளியையோ, காயாகவே பறித்து, நெடுந்தொலைவு அனுப்பி, எதிலீன் என்னும் வாயுவினாற் சிவக்கச் செய்தனர். இதனால் மலிவு ஏற்பட்டது. ஏழைக்கும் ஆண்டு முழுவதும் தக்காளி கிட்டிற்று. அந்நன்மையை மறுத்தல் நேர்மையன்று. எனினும் விலைக்கு வாங்கிய பழத்திலே பழைய சுவையில்லை என்று முதியோர் முறையிட்டனர். முதுமையின் முணுமுணுப்பு என்று பலர் அதனைத் தள்ளினர்.

அம்முதியோர் சொன்னது உண்மையென்பதைப் பிற்கால ஆராய்ச்சி மெய்ப்பித்தது. பழைய இனங்களிலே காயின் தோட்பகுதி கரும்பச்சையாக இருக்கும். காய் முழுவதும் ஒரே வெளிர்ப்பச்சையாக இருந்தாற் பறிக்கும் பருவத்தை எளிதில் அறியலாமென்று, இருபதாம் நூற்றாண்டிலே பயிர் வளர்ப்போர் அத்தகைய இனங்களைப் பெருக்கினர். 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதன் விளைவை விளக்கிற்று. அந்தக் கரும்பச்சையை உண்டாக்கும் மரபுக்கூறே காயிலே சர்க்கரை சேர்வதற்கும் துணைசெய்வது. பச்சையை நீக்கியபோது இனிப்பின் ஒரு பகுதியும் நீங்கிவிட்டது. 2017 ஆம் ஆண்டிலே, புளோரிடாப் பல்கலைக்கழகத்து ஹரி கிளீயும் அவரோடு சேர்ந்தோரும் 398 தக்காளி வகைகளின் மரபுத்தொகுதிகளை ஆராய்ந்தனர். மக்களைச் சுவைக்கச் செய்தும் பார்த்தனர். மணமும் சுவையும் தரும் பொருள்கள் பல, பழைய இனங்களைவிடப் புதிய வணிக இனங்களிற் குறைந்துள்ளன என்று கண்டனர். அவற்றை எவரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. சுவைத்துப் பார்ப்பவர் இல்லாதபடியால் அவை தாமாகவே நழுவிவிட்டன.

அவ்வாறாயின், ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பழைய இனங்கள் எங்கிருந்து கிடைத்தன? அரசாங்க விதைக் களஞ்சியங்களில் ஒரு பகுதி இருந்தது. மற்றொரு பகுதியைப் பெயரறியாத வீட்டுத் தோட்டக்காரர் காத்திருந்தனர். மேற்கு வேர்ஜினியாவிலே லோகன் என்ற ஊரில், மோட்டார் வண்டிகளின் றேடியேற்றர் திருத்தும் தொழில் செய்த பைல்ஸ் என்பார் அவர்களுள் ஒருவர். பயிர் வளர்ப்புக் கல்வி பயிலாத அவர், பெருந் தக்காளிச் செடியொன்றைச் சுற்றி வேறு பெருங்காய்ச் செடிகளை நட்டு, அவற்றின் மகரந்தத்தை நடுச்செடியின் பூக்களிலே சேர்த்து, ஆண்டுதோறும் சிறந்ததைத் தெரிந்தெடுத்தார். இறுதியிலே கிடைத்த இனத்தின் நாற்றை ஒரு டொலருக்கு ஒன்றாக 1940களில் விற்று, ஆறு ஆண்டுகளில் ஆறாயிரம் டொலர் வீட்டுக் கடனை அடைத்ததாக முதுமையிற் கூறினார். 'ஈடு மீட்பான்' என்று பொருள்படும் பெயரோடு அத்தக்காளி இன்றும் வளர்கின்றது. 1975 ஆம் ஆண்டிலே டயான் ஒட் வீலி, கென்ற் வீலி என்னும் தம்பதியர் விதை காப்போர் சங்கமொன்றை நிறுவினர். டயானின் பாட்டனார் அளித்த விதைகளே அதற்கு மூலம். அவருடைய முன்னோர் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியிலிருந்து கடல்கடந்து சென்றபோது கொண்டுசென்ற இளஞ்சிவப்புத் தக்காளி விதையும் அவற்றுள் ஒன்று.

இனி நம் நாட்டை நோக்குவோம். கத்தரி நமக்குத் தொன்மையானது. மிளகாயோ அமெரிக்காவிற் பிறந்து, போர்த்துக்கீசர் வழியாகக் கீழைத்தேயங்களுக்கு வந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். கண்டி இராச்சியத்திலே 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, கோவா இனக் கீரையும் கரட்டும் முள்ளங்கியும் இங்கு வளர்கின்றன என்றும், அவை இந்நாட்டுக்கு உரியனவல்ல, கொண்டுவந்து நட்டவை என்றும் எழுதுகின்றார். போஞ்சி என்ற சொல்லையும் நோக்கோல் என்ற சொல்லையும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றனர். தக்காளியைப் பழைய அகராதிகள் சீமைத் தக்காளி என்றன. ஏனெனில் மணத்தக்காளி முதலிய நம் நாட்டுத் தக்காளிகள் முன்னரே இருந்தன. காலப்போக்கிற் சீமை என்ற அடைமொழி உதிர்ந்தது. சொதியிலும் இரசத்திலும் கலந்துவிட்ட ஒன்றைப் பிறநாட்டதென்று சொல்ல நம் நா இசையவில்லை.

வந்தவற்றை நமதாக்கியவர்களும் நம்முடையதைக் காத்தவர்களும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. முதற் காய்ப்பில் நல்ல காயொன்றைப் பறியாது விட்டு, முற்றிப் பழுத்தபின் விதையெடுத்து, சாம்பலில் உலர்த்தி, சீலைத்துண்டில் முடிந்து, அடுப்படியிலே தொங்கவிட்டவர் அவர்களே. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய ஊதாக் கத்தரி இனம் விவசாயத் திணைக்களத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. பட்டியலில் இடம்பெறாது, ஒரு குறிச்சியில் மட்டும், சிலவேளை ஒரு வளவில் மட்டும் வளர்ந்த இனங்கள் எத்தனையோ. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே குடும்பங்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. உயிரையும் பிள்ளைகளையும் காத்துக்கொண்டு ஓடியவர்களிடம் விதைமுடிச்சை எடுத்தீர்களா என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. திரும்பி வந்தோர் கடையில் விற்ற விதையை ஊன்றினர். அவற்றுட் பல கலப்பின விதைகள்; அவற்றின் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாயைப் போலவே பயன் தருவதில்லை. ஒரு மொழியின் சொல் வழக்கிறந்தால் அகராதியிலாவது கிடக்கும். வழக்கிறந்த சுவைக்கு அகராதி கிடையாது.

எஞ்சியுள்ளதைக் காத்தல் கடினமான செயலன்று. பரம்பரை இனத் தக்காளியாயின், நோயற்ற செடியொன்றிலே நன்கு கனிந்த பழத்தைத் தெரிந்து, விதையை அதன் வழுவழுப்போடு பாத்திரத்திற் பிழிந்து சிறிது நீர்விட்டு வையுங்கள். இரண்டு மூன்று நாளிற் புளித்து வழுவழுப்பு கரையும். அடியில் தங்கிய விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இனத்தின் பெயரையும் ஆண்டையும் தந்தவரின் பெயரையும் எழுதி, ஈரம் புகாத போத்தலில் இடுங்கள். அவ்விதையை ஒரு வீட்டில் மட்டும் வைத்திராது அயலவர் இருவருக்கேனும் கொடுங்கள். பாடசாலைத் தோட்டங்களிலே மாணவர் தத்தம் பாட்டிமாரிடம் விதை கேட்டு வந்து நடுவார்களாயின், அது வரலாற்றுப் பாடமுமாகும். பாட்டி விதையைத் தரும்போது, அதை யாரிடமிருந்து பெற்றார், எந்தக் கறிக்கு அது ஏற்றது, ஏன் அதை விரும்பினார் என்பவற்றையும் மாணவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மெக்சிக்கோவின் பெயரறியாக் குடியானவனும், ஓகையோவின் லிவிங்ஸ்ரனும், கிறீன்பீல்டின் சேம்பர்சும் செய்தது ஒன்றே. தமக்குச் சுவைத்ததை அவர்கள் மதித்தார்கள். அதன் விதையை அடுத்த மாரிக்கோ அடுத்த கோடைக்கோ வைத்தார்கள். நேயர்களே, உங்கள் கிணற்றடியிலும் அத்தகைய செடியொன்று நிற்கக்கூடும். அதன் முதற் காய்களுள் ஒன்றைப் பறியாது விதைக்கு விட்டுவிடுங்கள்.